குளோரேட் தட்டில் விரியும் விசிறி

பக்கத்துத் தாமானில் இருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கும் பெண் கைப்பேசியில் இப்படிக் கேட்டிருந்தாள்: "மாமா, இறுதியாண்டு ஆய்வுக்குப் 'பூஞ்சையில் நொதி இல்லாத பிறழ்வு வகைகளைப் பிரித்தெடுத்து ஆராய்தல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ் கதிர் வேண்டுமா, புற ஊதா விளக்கு போதுமா? ஆயிரக்கணக்கில் தட்டு ஊற்ற வேண்டியிருக்கும் என்று மூத்த மாணவர்கள் பயமுறுத்துகிறார்கள். அப்படியே ஒன்று கிடைத்தாலும், அது உண்மையிலேயே நொதி இல்லாததா, வெறும் நோஞ்சானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் இருப்பது ஏழு மாதம்." பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் உதவியாளனாக இருந்துவிட்டுச் சுங்கை சிப்புட்டில் ஓய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட நல்ல கேள்வி வராது. அவளுக்கு எழுதிய பதில் இது.

அம்மா, உன் தம்பியிடமிருந்து தொடங்குகிறேன். அவன் பிறந்த அன்று மருத்துவமனையில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஜி-6-பி-டி நொதி குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். உன் பாட்டி அன்று மாலையே வீட்டு அலமாரிகளில் இருந்த அந்துருண்டைகளை எல்லாம் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பை லோரியில் ஏற்றிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார். இப்போது அந்தப் பையன் தோட்டத்துத் திடலில் பந்து உதைக்கிறான். பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு நொதி குறைவாக இருக்கிறது என்று தெரியுமா? தெரியாது. அந்துருண்டை நெடியோ, ஃபாவா மொச்சையோ, சில மலேரியா மாத்திரைகளோ உடம்புக்குள் போவது போன்ற வேளைகளில்தான் சிவப்பணுக்கள் உடைந்து அந்தக் குறை வெளியே வரும்.

உன் பூஞ்சையும் அப்படித்தான். மரபணு மாறி நொதியை இழந்ததைத்தான் பிறழ்வு வகை என்கிறோம். நல்ல உணவில் வைத்தால் நொதி இல்லாததும் இருப்பதும் ஒன்றுபோலவே பஞ்சாகப் பொங்கி நிற்கும். ஆகையால் கதிரா, விளக்கா என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். எந்த நொதி வேண்டும், அது இல்லாத குறை எந்தத் தட்டில் (பூஞ்சைக்கான கூழ் உணவை ஊற்றி உறைய வைத்த மூடித் தட்டில்) கண்ணுக்குத் தெரியும் என்பதை முதலில் முடிவு செய். அதை முடிவு செய்துவிட்டால் ஏழு மாதம் தாராளம். செய்யாவிட்டால் ஏழு வருடமும் போதாது.

உன் மூத்த மாணவர்கள் பயமுறுத்துவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர்கள் மனத்தில் இருப்பது பீடிலும் டேட்டமும் செய்த வேலை. ஸ்டான்ஃபோர்டில் இருந்த அந்த இருவரும் 1941இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்கொண்டது நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சை. அந்தக் குடும்பத்தை நீ பார்த்திருக்கிறாய். செம்பனை ஆலைக்குப் பின்புறம் குவித்து வைத்திருக்கும் காலிக்குலைகள் மேல் இரண்டு மூன்று நாளில் ஆரஞ்சு நிற மாவு தூவியதுபோல் பூத்திருக்குமே, அதுதான். ஆலையில் நீராவியில் வெந்து வந்த குலையில் வேறு நுண்ணுயிர் எதுவும் உயிரோடு இருக்காது. காற்றில் மிதந்து வந்து முதலில் இடம் பிடிக்கிறவன் இவன். குலையை ஏன் வேக வைக்கிறார்கள் என்று ஆலையில் வேலை செய்யும் உன் அப்பாவைக் கேட்டுப் பார். காய் உதிர்வதற்காக என்பார். அது பாதிதான். அடிபட்ட பழத்தில் லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைத்துக்கொண்டே இருக்கும், அதை நிறுத்துவதற்காகவும்தான். பழத்தை வெட்டிய மறுநாளுக்குள் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மண்டோர், அதாவது கங்காணி, கத்துவது இந்த நொதிக்குப் பயந்துதான், அவருக்கு அதன் பெயர் தெரியாவிட்டாலும்.

நியூரோஸ்போரா மிகவும் சிக்கனமான ஜீவன். சர்க்கரை, சில உப்புகள், நைட்ரேட், பயோட்டின் என்ற ஒரே ஒரு வைட்டமின், இவ்வளவு கொடுத்தால் போதும். மற்ற வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் தானே செய்துகொள்ளும். இந்த நான்கும் மட்டும் உள்ள உணவைக் குறைந்தபட்ச ஊடகம் என்கிறோம். பீடிலும் டேட்டமும் ஸ்போர்களுக்கு (பூஞ்சையின் விதை போன்ற தூளுக்கு) எக்ஸ் கதிர் கொடுத்து, எதிர்ப்பாலின வகையோடு கலக்கவிட்டு, அதில் பிறந்த ஸ்போர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எல்லாச் சத்தும் உள்ள குழாய்களில் வளர்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் குறைந்தபட்ச ஊடகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 299ஆம் குழாயில் இருந்தது அங்கே வளரவில்லை. வைட்டமின் பி6 சேர்த்ததும் வளர்ந்தது. முதல் கட்டுரை எழுதும்போது சுமார் 2000 வகைகளைச் சோதித்து அவர்கள் கையில் இருந்தவை மூன்றே மூன்று. 1958இல் நோபல் பரிசு கிடைத்தது.

எதற்காக நடுவில் அந்தக் கலப்பு என்று நீ கேட்க வேண்டும். பாடநூல்கள் அதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நியூரோஸ்போராவின் ஆரஞ்சுத் தூள் ஸ்போர் ஒன்றுக்குள் பல உட்கருக்கள் இருக்கும். கதிர் பட்டு அவற்றில் ஒன்று கெட்டால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடும், குறை மறைந்துபோகும். கலந்து பிறக்கும் ஸ்போரில்தான் ஒரே வகை மரபு தனியாகக் கிடைக்கும். உனக்குக் கிடைக்கும் பூஞ்சையின் ஸ்போரில் எத்தனை உட்கரு என்று முதல் வாரமே தெரிந்துகொள். இது தெரியாமல் தெம்பே செய்கிற ரைசோப்பஸில் இறங்கிவிடாதே, அதிலும் பல உட்கருக்கள் உண்டு.

அவர்களுக்கு அத்தனை குழாய்கள் வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர்கள் தேடியது வளராத ஒன்றை. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் சாப்பிடாதவன் யார் என்று தேடுவது கடினம். ஆகவே ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு வந்தவர்கள் குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கதிர் பட்ட ஸ்போர்களைக் குறைந்தபட்சத் திரவத்தில் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால், நலமானவை முளைத்து நூல் விடும். குறையுள்ளவை முளைக்காமல் பொடியாகவே கிடக்கும். துணியில் வடிகட்டினால், தேங்காய்ப்பால் வடிகட்டும்போது சக்கை துணியில் நிற்பதுபோல நூல்கள் மேலே நின்றுவிடும், குறையுள்ள பொடி கீழே இறங்கும். நாலைந்து முறை வடிகட்டினால் தேடும் கூட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். நியூரோஸ்போராவுக்கு 1954இல் வந்த முறை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அமினோ அமிலம் செய்யும் நொதிகள்தான் வேண்டும் என்றால் இந்த வழியில் போ.

ஆனால் நான் சொல்லப்போவது வேறு. வளராததைத் தேடாதே. குறையுள்ளது மட்டும் வளரும்படி தட்டை மாற்றிவிடு.

நைட்ரேட்டைச் சாப்பிடும் பூஞ்சை அதை முதலில் நைட்ரைட்டாக மாற்றுகிறது. அந்த வேலையைச் செய்வது நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதி. நைட்ரைட்டை அம்மோனியமாக மாற்றுவது நைட்ரைட் ரிடக்டேஸ். அதன் பிறகு அது அமினோ அமிலங்களுக்குள் போய்ச் சேர்கிறது. இப்போது உணவில் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர். குளோரேட் பார்வைக்கு நைட்ரேட்டின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. நொதி ஏமாந்து அதையும் பிடித்துக் குளோரைட்டாக மாற்றிவிடும். குளோரைட் விஷம் (சாப்பாட்டு உப்பில் உள்ள குளோரைடு அல்ல, எழுத்தைக் கவனி). நொதி உள்ள பூஞ்சை தன் கையாலேயே விஷம் காய்ச்சிக் குடித்து முடங்கும், நொதி இல்லாதது பாட்டுக்கு வளரும். 1947இலேயே சொல்லப்பட்ட விளக்கம் இது. 1976இல் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையை ஆராய்ந்த கோவ், கதை இவ்வளவு சுலபமில்லை, சில வகைகள் இந்த விளக்கத்துக்கு அடங்கவில்லை என்று காட்டினார். உன் ஆசிரியர் கேட்டால் இரண்டையும் சொல். தட்டில் வேலை செய்வதற்கு முதல் விளக்கம் போதும்.

இதற்குக் கதிரும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். வளரும் பூஞ்சையில் பிறழ்வுகள் தாமாகவே அங்கொன்றும் இங்கொன்றும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. குளோரேட் பிறழ்வை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருந்ததற்கு வழிவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

எந்தப் பூஞ்சை? வாழையை வாட வைக்கும் ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம் எடுத்துக்கொள். அதன் சிறு ஸ்போர்களில் பெரும்பாலும் ஒரே உட்கருதான், நியூரோஸ்போராவில் பட்ட தொல்லை இல்லை. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகரில் (கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்ந்த கடற்பாசிக் கூழில்) லிட்டருக்கு 15 கிராம் பொட்டாசியம் குளோரேட் சேர்த்துத் தட்டு ஊற்று. நடுவில் ஒரு துண்டு பூஞ்சையை வைத்து 25 டிகிரியில் வை. ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுத்திரு. ஊற்ற வேண்டியது ஆயிரம் தட்டு அல்ல, முப்பது நாற்பது போதும். குளோரேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அது தீக்குச்சியிலும் பட்டாசிலும் இருக்கும் பொருள். உலர்ந்த நிலையில் சர்க்கரையோடோ கந்தகத்தோடோ கலக்கவே கூடாது. உரலில் போட்டு அரைக்காதே, சிந்தியதைத் துணியால் துடைத்துக் குப்பைக் கூடையில் போடாதே. எடை போட்டு நேரே தண்ணீரில் கரை. கூடப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கட்டும்.

இனி அந்தத் தட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் நான்கைந்து நாள் உனக்கு அலுப்பாக இருக்கும். பூஞ்சை இருபது சென் காசு அளவுக்கு மேல் நகராது. ஓரம் சுருங்கி, அகரோடு ஒட்டிக்கொண்டு, வெயிலில் காய்ந்த அப்பளம்போல் இருக்கும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அந்த வட்டத்தின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் வெளியே பிதுங்கும். மறுநாள் அது சிறு விசிறி. அதற்கடுத்த நாள் விசிறி தட்டின் விளிம்பைத் தொட்டுவிடும். மற்ற பக்கமெல்லாம் அப்படியே முடங்கிக் கிடக்க, ஒரு பக்கம் மட்டும் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் ஓடியிருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது நான் பசியாறப் போகாமல் நின்றேன்.

விசிறியின் நுனியிலிருந்து அரிசி அளவு வெட்டி, நைட்ரேட் மட்டுமே நைட்ரஜனாக உள்ள குறைந்தபட்ச ஊடகத்தில் வை. பக்கத்திலேயே தாய்ப் பூஞ்சையையும் வை, அது இல்லாமல் எந்தத் தட்டையும் படிக்காதே. தாய், வெள்ளைப் பஞ்சாக மேலெழும்பும். நொதி இல்லாதது வளரவே வளராது என்று எதிர்பார்த்தால் ஏமாறுவாய். அதுவும் தட்டு முழுக்கப் பரவும், ஆனால் கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல் மெல்லிய படலமாக. பசியில் இரை தேடி ஓடுகிற ஓட்டம் அது. வேகத்தை அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும், அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும். சில விசிறிகள் குளோரேட்டுக்கு அசையாமல் இருந்துவிட்டு, நைட்ரேட்டிலும் பஞ்சாக வளரும். அவற்றில் நொதி இருக்கிறது. குளோரேட்டிலிருந்து வேறு வழியில் தப்பித்தவை. தனிப் பெட்டியில் வைத்துவிட்டு மேலே போ.

ஒரு வட்டத்திலிருந்து ஒரு விசிறிதான் எடுக்க வேண்டும். ஒரே வட்டத்தில் நான்கு விசிறி வந்தால், நான்கும் ஒரே பிறழ்வின் பிள்ளைகளாக இருக்கக்கூடும். நாற்பது வகை கண்டுபிடித்தேன் என்று எழுதிவிட்டு, நாற்பதும் உடன்பிறப்புகள் என்று தேர்வாளர் சொல்லும்போது முகம் என்னாகும்?

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். "நொதி வேலை செய்யவில்லை" என்பது ஒரே நோய் அல்ல. நம் தோட்டத்தில் ஒரு நாள் காலையில் பால்வெட்டு நடக்கவில்லை என்று வைத்துக்கொள். மூன்று காரணம் இருக்கலாம். வெட்டுகிற ஆளே இல்லை. ஆள் இருக்கிறார், கத்தி இல்லை. ஆளும் இருக்கிறார், கத்தியும் இருக்கிறது, பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், மண்டோர் வந்து பெயர் கூப்பிடவில்லை. மூன்றிலும் பால் வாளி காலிதான். வாளியை மட்டும் பார்த்தால் வேறுபாடு தெரியாது.

ஃபுசேரியத்தில் ஆள் இல்லாததற்கு நிட்-1 என்று பெயர்: நைட்ரேட் ரிடக்டேஸ் புரதத்தின் மரபணுவே கெட்டது. கத்தி இல்லாதது நிட்-எம்: அந்த நொதி மாலிப்டினம் சேர்ந்த துணைக்காரணி ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும், அதைச் செய்யும் பாதை அறுந்துவிட்டது. மண்டோர் வராதது நிட்-3: நைட்ரேட் வந்திருக்கிறது, வேலையைத் தொடங்குங்கள் என்று கட்டளை இடும் மரபணு போய்விட்டது. பிரித்துப் பார்ப்பதற்கு நான்கு தட்டு போதும், ஒவ்வொன்றிலும் நைட்ரஜனுக்கு ஒரே ஒரு பொருள். நைட்ரேட், நைட்ரைட், ஹைப்போசாந்தைன், அம்மோனியம். நைட்ரைட்டை லிட்டருக்கு 0.5 கிராம், ஹைப்போசாந்தைனை 0.2 கிராம் என்ற அளவில் போடுவது வழக்கம்.

அம்மோனியத்தில் எல்லாமே பஞ்சாக வளரும். வளராவிட்டால் அது உன் ஆய்வுக்குத் தொடர்பில்லாத வேறு நோஞ்சான். நீ கேட்ட கேள்விக்கு முதல் விடை இந்தத் தட்டுதான். ஹைப்போசாந்தைனை உடைக்கும் நொதிக்கும் அதே மாலிப்டினத் துணைக்காரணி வேண்டும். அதாவது பக்கத்து மர வரிசையில் வெட்டுகிறவரும் அதே கத்தியைத்தான் இரவல் வாங்குகிறார். ஆகவே நைட்ரேட்டிலும் ஹைப்போசாந்தைனிலும் மெலிந்து, நைட்ரைட்டில் செழித்தால் கத்தி இல்லை, நிட்-எம். நைட்ரைட் ரிடக்டேசுக்கும் கட்டளை அதே மண்டோரிடமிருந்துதான் வருகிறது. ஆகவே நைட்ரேட்டிலும் நைட்ரைட்டிலும் மெலிந்து, ஹைப்போசாந்தைனில் செழித்தால் நிட்-3. நைட்ரேட் ஒன்றில் மட்டும் மெலிந்தால் நிட்-1, பெரும்பாலும் இதுதான் அதிகம் கிடைக்கும். இந்த மூன்றையும் நொதிச் சோதனை எதுவும் செய்யாமல், வெறும் தட்டை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தே பிரித்துவிடுகிறாய். இதில் ஒரு அழகு இருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை நியூரோஸ்போரா செய்யும் பாதையை ஸ்ரபும் ஹோரோவிட்சும் 1944இல் கண்டதும் இதே வழியில்தான். அவர்களுடைய ஏழு வகைகளில் நான்கு ஆர்னிதைன் கொடுத்தாலே வளர்ந்தன, இரண்டுக்குச் சிட்ரூலின் வேண்டியிருந்தது, ஒன்று ஆர்ஜினின் கொடுத்தால் மட்டும் வளர்ந்தது. பாதையின் வரிசை அதிலேயே இருக்கிறது: ஆர்னிதைன், பிறகு சிட்ரூலின், பிறகு ஆர்ஜினின்.

பெயர்களில் ஒரு வம்பு உண்டு. ஃபுசேரியத்தில் நிட்-1 என்றால் நொதியின் சொந்த மரபணு. நியூரோஸ்போராவில் அதே நிட்-1 என்றால் துணைக்காரணி இல்லாதது, அங்கே நொதியின் மரபணுவுக்கு நிட்-3 என்று பெயர். இரண்டு ஆய்வுக்கூட்டத்தார் பேசிக்கொள்ளாமல் பெயர் வைத்ததன் பலனை நீயும் நானும் அனுபவிக்கிறோம். கட்டுரைகளைப் படிக்கும்போது எந்தப் பூஞ்சை என்று முதல் வரியிலேயே பார்த்துக்கொள்.

தட்டு சொன்னதை நொதியும் சொல்ல வேண்டும். அதுதான் "ஆராய்தல்" என்று உன் தலைப்பில் இருக்கும் பாதி. இங்கே ஒரு குழி இருக்கிறது. நைட்ரேட் ரிடக்டேஸ் எப்போதும் இருக்கும் நொதி அல்ல. நைட்ரேட் இருந்தால்தான் பூஞ்சை அதைச் செய்யும், அம்மோனியம் இருந்தால் செய்யாது. உன் பிறழ்வு வகையோ நைட்ரேட்டில் செழித்து வளராது. பிறகு எப்படிச் சோதிப்பது? தாய், பிறழ்வு இரண்டையும் அம்மோனியத் திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, நன்றாகக் கழுவி, நைட்ரேட் திரவத்துக்கு மாற்றிச் சில மணி நேரம் குலுக்கு. பிறகு வடிகட்டிப் பிழிந்து, உறைய வைத்து, குளிர்ந்த பாஸ்பேட் கரைசலில் அரைத்துச் சுழற்று. மேலே தெளிந்து நிற்பதுதான் உன் சாறு. அம்மோனியத்தில் வளர்த்ததை அப்படியே அரைத்துவிட்டு, "தாயிலும் நொதி இல்லை" என்று அழுதுகொண்டு வந்த மாணவர்களை நான் எண்ணிக்கையே இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

சாற்றோடு நைட்ரேட்டையும் என்.ஏ.டி.பி.எச். என்ற துணைப்பொருளையும் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டு நிறுத்து. சல்ஃபானிலமைடு, அதன் கூட்டாளிச் சாயம் இரண்டையும் ஊற்று. நைட்ரைட் உண்டாகியிருந்தால் கண்ணெதிரே ரோஜா நிறம் ஏறும், பாசார் மாலாமில் விற்கும் சிராப் பாண்டோங் போல. 540 நானோமீட்டரில் அளந்து, சாற்றில் இருக்கும் புரதத்தின் அளவால் வகுத்துக்கொள். வகுக்காவிட்டால் கொஞ்சம் பூஞ்சை அரைத்ததும் நிறைய அரைத்ததும் வேறு வேறு நொதி அளவாகத் தெரியும். தாயின் சாற்றையும் பிறழ்வின் சாற்றையும் சரிபாதி கலந்து ஒரு குழாய் வை. கலவையில் நிறம் எதிர்பார்த்த பாதியாவது வந்தால், பிறழ்வின் சாற்றில் நொதியைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை என்று தெளிவாகும். இந்த ஒரு குழாயை வைக்காததால் மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

துணைக்காரணி என்று சொன்னேனே, அது எப்படித் தெரியவந்தது என்பது சுவையான கதை. நியூரோஸ்போராவின் நிட்-1 சாற்றில் நொதி வேலை செய்யாது. 1971இல் நேசனும் அவருடைய கூட்டத்தாரும் பசும்பாலில் இருந்து பிரித்த, மாலிப்டினம் உள்ள ஸாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அமிலத்தில் சிதைத்து, அந்தச் சாற்றில் கலந்தார்கள். செத்துக் கிடந்த நைட்ரேட் ரிடக்டேஸ் எழுந்து வேலை செய்தது. பூஞ்சையின் புரதத்துக்குப் பசுவின் பாலிலிருந்து கத்தி கிடைத்தது! இத்தனை தொலைவான உயிர்களிலும் அந்தத் துணைக்காரணி ஒன்றேதான் என்று அப்படித்தான் புரிந்தது. நீ செய்ய வேண்டியதில்லை, ஆனால் முன்னுரையில் எழுது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், அருமையான நிட்-எம் ஒன்று கிடைத்தது. ஊருக்குப் போகும் அவசரத்தில் ஒற்றை ஸ்போரிலிருந்து மறுபடி வளர்க்கும் படியைத் தாண்டிவிட்டேன். விடுப்பு முடிந்து வந்து சோதித்தால் நொதி பாதி இருக்கிறது. அரைகுறையாக வேலை செய்யும் புது வகைப் பிறழ்வு என்று எண்ணி இரண்டு மாதம் அதன் பின்னால் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் விசிறியை வெட்டும்போது தாயின் இழையும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே தட்டில் இருவர் குடித்தனம். அரைகுறைப் பிறழ்வுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அப்படி ஒன்று கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் ஸ்போர்களைக் கரைத்துத் தெளித்து, ஒற்றை ஸ்போரிலிருந்து எழுந்த வட்டத்தை மறுபடி நான்கு தட்டிலும் வைத்துப் பார். அதன் பிறகுதான் பெயர் எழுத வேண்டும். சில வாரம் அம்மோனியத்தில் வளர்த்து மீண்டும் நைட்ரேட்டில் வைத்து, பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்றும் பார்.

புற ஊதா விளக்கைப் பற்றிக் கேட்டாய். குளோரேட் போன்ற வடிகட்டி இல்லாத நொதிகளுக்கு அது வேண்டியிருக்கும். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் இல்லாத வகை வேண்டும் என்றால், விளக்கில் காட்டிய ஸ்போர்களை மாவுத் தட்டில் வளர்த்து அயோடின் ஊற்று. நல்லதைச் சுற்றித் தெளிந்த வளையம் இருக்கும், குறையுள்ளதன் காலடி வரை கருநீலம் நிற்கும். பால் கலந்த தட்டில் புரத நொதிக்கும் இப்படியே. விளக்கில் காட்டிய பின் ஸ்போர்களை இருட்டில் வை. வெளிச்சம் பட்டால் அவை தம் காயத்தைச் சரிசெய்துகொள்ளும். உன் கண்ணையும் கையையும் மூடிக்கொள். வேதிப்பொருளால் பிறழ்வு உண்டாக்குவது வேண்டவே வேண்டாம். அவை பூஞ்சையின் மரபணுவோடு நிற்காது.

இதெல்லாம் எதற்கு என்று உன் பாட்டி கேட்பார். அவருக்குக் கொல்லையில் நிற்கும் வாழையைக் காட்டு. போன வருடம் அடியிலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கின. வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்புக் கோடுகள். ஃபுசேரியம் வாடல். இந்தப் பூஞ்சையில் பல குலங்கள் உண்டு, நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பாலினக் கலப்பும் இதில் காண முடியாது. ஆனால் ஒரே குலத்தைச் சேர்ந்த இரண்டு இழைகள் தொட்டால் இணைந்து உட்கருக்களைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு தோட்டத்திலிருந்து வந்ததன் நிட்-1 வகையையும், இன்னொரு தோட்டத்திலிருந்து வந்ததன் நிட்-எம் வகையையும் நைட்ரேட் தட்டில் எதிரெதிரே வை. இரண்டும் மெல்லிய படலமாக ஊர்ந்து வந்து சந்திக்கும். ஒரே குலம் என்றால், ஒருவரிடம் ஆள், மற்றவரிடம் கத்தி. சந்தித்த கோட்டில் மட்டும் வெள்ளைப் பஞ்சு வரப்புபோல் எழும். வேறு குலம் என்றால் கோட்டில் ஒன்றும் நடக்காது. 1985இல் புஹல்லா ஃபுசேரியத்துக்குச் செய்து காட்டிய முறை. கேவண்டிஷ் வாழையை அழிக்கும் டி.ஆர்.4 என்ற வகைக்கு 01213 என்ற குலஎண் வந்தது இந்தத் தட்டுகளிலிருந்துதான். இப்போது மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் விடை சொல்லிவிடுகிறது, உண்மைதான். ஆனால் நொதி இல்லாத இரண்டு வகைகளைக் கொண்டு உலகத்து வாழைத் தோட்டங்களின் பூஞ்சைகளை எல்லாம் குலம் பிரித்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அந்த வெள்ளைக் கோடு எழுவதைத்தான் பார்க்க வேண்டும். உன் ஆய்வின் கடைசி அத்தியாயமாக அதை வை.

ஆசிரியரிடம் கேட்டு, ஆய்வுக்கூடச் சேகரிப்பில் இருக்கும் வகையையே வாங்கிக்கொள். பாட்டியின் வாழையிலிருந்து நீயாக எடுத்துக்கொண்டு போகாதே. நொதி இழந்த பிறகும் இந்தப் பூஞ்சைக்கு வாழையைத் தாக்கும் திறன் பொதுவாகக் குறைவதில்லை, அதன் தடித்த ஸ்போர்கள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். முடிந்த தட்டுகளை 121 டிகிரியில் அழுத்த நீராவியில் வைத்த பிறகே வெளியே போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். முதல் விசிறி வந்ததும் வா, தோசை இருக்கும். தட்டைக் கொண்டுவராதே, படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். என் கொல்லையிலும் மூன்று பீசாங் மாஸ் வாழை குலை தள்ளி நிற்கிறது.